திரும்பி வரும் மின்னஞ்சல்: பவுன்ஸ் மடல், பின்சிதறல் ஆகியவற்றின் வரலாறு

பவுன்ஸ் மடல் என்பது, ஒரு மின்னஞ்சலைப் பெறுநரிடம் சேர்க்க முடியாதபோது அஞ்சல் வழங்கி தானாகவே எழுதி அனுப்புநருக்கு அனுப்பும் அறிவிப்பாகும். தமிழில் இதனைத் திரும்பு மடல் எனலாம். முகவரியில் எழுத்துப் பிழை, மூடப்பட்ட கணக்கு, நிரம்பிய அஞ்சல் பெட்டி, செயல்படாத வழங்கி எனப் பல காரணங்களால் இது உருவாகிறது. அனுப்புநரின் முகவரி போலியாக இருந்தால், இந்த அறிவிப்பு அந்த மடலோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவரிடம் போய்ச் சேரும். இவ்வாறு தவறான ஆளிடம் சென்று குவியும் திரும்பு மடல்கள் பின்சிதறல் எனப்படுகின்றன. ஆங்கிலத்தில் இதனைப் பேக்ஸ்கேட்டர் என்பர்.

அனுப்பியவருக்கு உதவும் நோக்கில் 1982 இல் வகுக்கப்பட்ட இந்த நல்ல வழக்கம், பதினைந்து ஆண்டுகளுக்குள் அப்பாவிகளைத் தாக்கும் கருவியாக மாறியது. அதைத் திருத்தும் முயற்சி அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. பின்சிதறல் ஏன் தோன்றியது, அதை எவ்வாறு கட்டுப்படுத்தினர், அதற்காக எதை விட்டுக்கொடுத்தனர் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

உறையும் கடிதமும்

பின்சிதறலைப் புரிந்துகொள்ள, மின்னஞ்சலில் அனுப்புநர் முகவரி இரண்டு இடங்களில் இருப்பதை முதலில் அறிய வேண்டும். தபாலில் அனுப்பும் கடிதத்தின் உள்ளே அனுப்புநர் என்று ஒரு முகவரி எழுதுகிறோம். உறையின் மேலும் ஒரு முகவரி எழுதுகிறோம். இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மின்னஞ்சலிலும் அப்படித்தான். நாம் திரையில் காண்பது கடிதத்தின் உள்ளே உள்ள முகவரி. வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்ளும்போது பயன்படுத்துவது உறையின் மேல் உள்ள முகவரி. திரும்பு மடல் செல்வது உறை முகவரிக்கே.

இரண்டு வழங்கிகள் பேசும் முறைக்கு எளிய அஞ்சல் பரிமாற்ற நெறிமுறை என்று பெயர். சுருக்கமாக எஸ்எம்டிபி என்பர். அனுப்பும் வழங்கி முதலில் தன் பெயரைச் சொல்லும். அடுத்து உறையில் உள்ள அனுப்புநர் முகவரியைச் சொல்லும். அதன்பின் பெறுநர் முகவரியைச் சொல்லும். கடைசியாக மடலின் உள்ளடக்கத்தைக் கொடுக்கும். ஒவ்வொரு படியிலும் பெறும் வழங்கி மூன்று இலக்க எண் ஒன்றை மறுமொழியாகத் தரும். 2 இல் தொடங்கும் எண் சரி என்று பொருள்படும். 4 இல் தொடங்குவது தற்காலிகத் தடை, பிறகு முயலலாம். 5 இல் தொடங்குவது நிலையான மறுப்பு. எடுத்துக்காட்டாக, 250 என்றால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 550 என்றால் அப்படி ஓர் அஞ்சல் பெட்டி இல்லை அல்லது அதை அணுக முடியாது என்று பொருள்.

ஒரு முகவரி இல்லை என்பது இரண்டு நேரங்களில் தெரியவரலாம். பேச்சு நடக்கும்போதே பெறும் வழங்கி 550 என்று மறுத்துவிட்டால் மடல் அதன் கைக்கு வரவே இல்லை. அனுப்பிய வழங்கியே தன் பயனருக்குச் செய்தி சொல்லிக்கொள்ளும். மாறாக, முதலில் 250 என்று ஏற்றுக்கொண்டுவிட்டுப் பிறகு உள்ளே தேடிப்பார்த்து அப்படி ஒருவர் இல்லை என்று கண்டால், பெற்ற வழங்கியே திரும்பு மடல் எழுதவேண்டிய நிலை ஏற்படும். அது உறையில் உள்ள முகவரியை நம்பித்தான் அதை அனுப்ப முடியும். பின்சிதறலின் முழு வரலாறும் இந்த இரண்டு வழிகளுக்கு இடையிலான வேறுபாட்டில் அடங்கியுள்ளது.

தொடக்கக் காலம்

வெவ்வேறு கணினிகளுக்கு இடையே மின்னஞ்சல் அனுப்பும் முறையை 1971 இல் ரே டாம்லின்சன் உருவாக்கினார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த பிபிஎன் நிறுவனத்தில் அவர் பணியாற்றினார். அக்காலத்தில் அர்ப்பாநெட் என்ற ஆய்வு வலையமைப்பில் சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் மட்டுமே இணைந்திருந்தன. பயனர்களில் பலர் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஒருவர் பொய் முகவரியிட்டு மடல் அனுப்புவார் என்ற எண்ணத்துக்கே இடமில்லாத சூழல் அது.

ஆயினும் எச்சரிக்கை முற்றிலும் இல்லாமல் போகவில்லை. இணைய நெறிமுறைகளை வகுத்தவர்களுள் முதன்மையானவரான ஜான் போஸ்டல், 1975 நவம்பரில் ஆர்எஃப்சி 706 என்ற சிறு குறிப்பை வெளியிட்டார். வேண்டாத செய்திகளைத் தேர்ந்து மறுக்க ஒரு கணினிக்கு வழியில்லை என்பதை அதில் அவர் சுட்டிக்காட்டினார். 1978 மே மாதத்தில் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தின் விற்பனை அலுவலர் கேரி துவர்க், ஏறத்தாழ 400 அர்ப்பாநெட் முகவரிகளுக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். எரிதம் என்று தமிழில் வழங்கும் ஸ்பேம் மடல்களின் முதல் எடுத்துக்காட்டாக இது கருதப்படுகிறது. ஆனால் அந்த விளம்பரம் யாரிடமிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. போலி முகவரி என்ற சிக்கல் இன்னும் எழவில்லை.

1982: விதியான வாக்குறுதி

1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 வெளியானது. எஸ்எம்டிபி நெறிமுறையை நிலைநிறுத்திய ஆவணம் இதுவே. மடலை ஏற்றுக்கொண்ட வழங்கியால் அதைச் சேர்க்க முடியாவிட்டால், அனுப்பியவருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று இது கூறியது. உறையில் உள்ள அனுப்புநர் முகவரிக்கு இந்த ஆவணம் இட்ட பெயரே திரும்பும் பாதை என்று பொருள்படும். அந்த முகவரி இருப்பதற்கான காரணமே பிழை அறிவிப்பைத் திருப்பி அனுப்புவதுதான்.

அறிவிப்பு மடலே சேராமல் போனால் என்ன செய்வது என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது. திரும்பு மடலுக்கு ஒரு திரும்பு மடல், அதற்கு இன்னொன்று என்று இரண்டு வழங்கிகள் முடிவில்லாமல் எழுதிக்கொண்டே இருக்கும். இதைத் தவிர்க்க ஆர்எஃப்சி 821 ஓர் எளிய வழியைக் காட்டியது. திரும்பு மடலின் உறையில் அனுப்புநர் முகவரியை வெறுமையாக விட்டுவிடலாம். வெற்று முகவரி கொண்ட மடல் சேராவிட்டால் அதைத் திருப்ப இடமில்லை. சுழல் அங்கேயே நின்றுவிடும். இன்றும் எல்லாத் திரும்பு மடல்களும் இப்படித்தான் செல்கின்றன.

அந்த ஆவணத்தில் திரும்பு மடலுக்கு ஒரு மாதிரியும் தரப்பட்டது. சாம் என்பவருக்கு எழுதிய மடல் சேரவில்லை என்று ஜோ என்பவருக்கு வருத்தத்துடன் தெரிவிக்கும் இரண்டு மூன்று வரிகள் அவை. மறுத்த வழங்கி சொன்ன 550 என்ற எண்ணும் அதில் உண்டு. ஜோ உண்மையாகவே அந்த மடலை எழுதியிருப்பார் என்பதில் அன்று எவருக்கும் ஐயமில்லை.

1980களில் பெரும்பாலான வழங்கிகளில் இயங்கியது சென்ட்மெயில் என்ற மென்பொருள். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் இதனை எழுதினார். திரும்பு மடல்களில் அனுப்புநர் பெயராக இன்றும் காணப்படும் மெயிலர்-டீமன் என்ற சொல் பலருக்கும் வியப்பூட்டும். பின்னணியில் தானாக இயங்கும் நிரலை டீமன் என்று அழைக்கும் வழக்கம் 1963 அளவில் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் தோன்றியது. இயற்பியலில் மேக்ஸ்வெல் கற்பனை செய்த, ஓயாமல் மூலக்கூறுகளைப் பிரித்துக்கொண்டிருக்கும் பூதத்தின் பெயரிலிருந்து அது எடுக்கப்பட்டது. ஆக, மெயிலர்-டீமன் என்பது ஓர் ஆளும் அன்று, நச்சுநிரலும் அன்று. அஞ்சலைக் கையாளும் நிரலின் பெயர்.

1989 அக்டோபரில் வெளியான ஆர்எஃப்சி 1123 இந்த வாக்குறுதியை மேலும் உறுதியாக்கியது. ஒரு வழங்கி மடலை ஏற்றுக்கொண்டால் அதைச் சேர்க்கும் பொறுப்பும் அதனுடையதே. அற்பக் காரணங்களால் மடலைத் தொலைக்கக் கூடாது. சேர்க்க முடியாவிட்டால் அறிவிப்பு எழுதியே ஆக வேண்டும். அந்த அறிவிப்பு வெற்று முகவரியோடு செல்ல வேண்டும் என்று அது விதித்தது. தற்காலிகத் தடை ஏற்பட்டால் உடனே கைவிடாமல் குறைந்தது 4 அல்லது 5 நாள்கள் முயல வேண்டும் என்பதும் அதன் அறிவுரை. மின்னஞ்சல் போய்ச் சேரும், இல்லையேல் சேரவில்லை என்ற செய்தியாவது வரும் என்று மக்கள் நம்பத் தொடங்கியது இந்த விதிகளால்தான். 1996 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 1891 முதல் 1894 வரையிலான ஆவணங்கள், திரும்பு மடலைக் கணினியும் படித்துப் பொருள்கொள்ளத்தக்க ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தன.

போலி முகவரியின் வருகை

1990களின் நடுவில் இணையம் பொதுமக்களிடம் சென்றது. எரிதம் அனுப்புவது தொழிலாகியது. பட்டியலில் உள்ள முகவரிகளில் பெரும்பகுதி செல்லாதவையாக இருக்கும் என்பதால், எரிதம் அனுப்பியவருக்கு ஆயிரக்கணக்கான திரும்பு மடல்கள் வந்து குவிந்தன. படித்தவர்களின் கோப மடல்களும் சேர்ந்தன. இவை தம்மிடம் வராதிருக்க அவர்கள் கண்ட வழி எளிது. உறையில் வேறொருவர் முகவரியை எழுதினால் போதும். எஸ்எம்டிபி நெறிமுறையில் அதைச் சரிபார்க்க எந்த ஏற்பாடும் இருக்கவில்லை.

1997 இல் நடந்த இரண்டு நிகழ்வுகள் இதன் விளைவை உலகுக்குக் காட்டின. முதலாவது, ஜோஸ் சைபர்போஸ்ட் என்ற இணையத்தளத்தைப் பற்றியது. ஜோ என்பவர் நடத்திய இத்தளம் பயனர்களுக்கு இலவசமாக இணையப் பக்கங்களை வழங்கியது. எரிதம் வழியே விளம்பரம் செய்த ஒரு பயனரின் கணக்கை அவர் நீக்கினார். அதற்குப் பழிவாங்க, அந்த ஆள் ஜோவின் முகவரியைப் போலியாக இட்டுப் பெருமளவில் எரிதம் அனுப்பினார். மறுமொழிகளும் கோபக்கணைகளும் ஜோவின் தளத்தை நோக்கிப் பாய்ந்தன. தளமே சில நாள்கள் முடங்கியது. ஒருவர் பெயரைக் கெடுக்க அவர் முகவரியில் எரிதம் அனுப்பும் செயலுக்கு ஜோ ஜாப் என்ற பெயர் இதிலிருந்தே வந்தது.

இரண்டாவது, டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் நடந்த வழக்கு. பூக்கள் என்று பொருள்படும் ஃபிளவர்ஸ்.காம் என்ற ஆள்களப் பெயரை அவ்வூரைச் சேர்ந்த ஒருவர் வைத்திருந்தார். 1997 மார்ச்சில் ஓர் எரித வணிகர் அந்தப் பெயரைத் தம் மடல்களின் திரும்பு முகவரியாகப் போட்டார். சேராத மடல்கள் ஆயிரக்கணக்கில் உரிமையாளரின் அஞ்சல் பெட்டியிலும், அவருக்குச் சேவை வழங்கிய சில்கர் இன்டர்நெட் பார்க் என்ற சிறிய நிறுவனத்தின் வழங்கியிலும் வந்து விழுந்தன. பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் சென்றனர். இச்செயல் தொல்லையும் அத்துமீறலும் ஆகும் என்று அவ்வாண்டு நவம்பரில் தீர்ப்பு வந்தது. இழப்பீடு வழங்கவும், மீண்டும் அப்பெயரைப் பயன்படுத்தாதிருக்கவும் நீதிமன்றம் ஆணையிட்டது.

இந்த வழக்கில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. உரிமையாளரின் பெட்டியை நிரப்பிய மடல்களை எரித வணிகர் நேரடியாக அவருக்கு அனுப்பவில்லை. உலகெங்கும் உள்ள, விதிப்படி நடந்த நேர்மையான வழங்கிகளே அவற்றை அனுப்பின. குற்றவாளியைத் தண்டிக்க நீதிமன்றத்தால் முடிந்தது. ஆனால் அவருடைய பொய்யை நம்பிய வழங்கிகளைத் திருத்துவது தொழில்நுட்ப வல்லுநர்களின் வேலையாகவே இருந்தது.

முதலில் ஏற்று, பிறகு திருப்புதல்

வழங்கிகள் ஏன் மடலை முதலிலேயே மறுக்கவில்லை என்ற கேள்வி எழலாம். இதற்கு மூன்று நியாயமான காரணங்கள் இருந்தன.

முதற்காரணம் அமைப்பு முறை. பெரிய நிறுவனங்களில் வாசலில் நிற்கும் வழங்கி ஒன்றாகவும், பயனர்களின் பெட்டிகள் இருக்கும் வழங்கி வேறாகவும் இருக்கும். வாசல் வழங்கியிடம் பயனர் பட்டியல் இருக்காது. முதன்மை வழங்கி பழுதானால் உதவுவதற்கென வேறிடத்தில் வைக்கப்படும் மாற்று வழங்கியின் நிலையும் இதுவே. எது வந்தாலும் வாங்கி வைப்பதே அவற்றின் வேலை.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. டேனியல் பெர்ன்ஸ்டைன் எழுதிய கியூமெயில் மென்பொருளின் 1.03 பதிப்பு 1998 இல் வெளியாகிப் பரவலாகப் பயன்பட்டது. சென்ட்மெயிலில் அடிக்கடி கண்டறியப்பட்ட ஓட்டைகளைத் தவிர்க்க, வெளியுலகோடு பேசும் பகுதியையும் பெட்டியில் சேர்க்கும் பகுதியையும் அவர் தனித்தனி நிரல்களாகப் பிரித்தார். பேசும் நிரலுக்குப் பயனர் யார் யார் என்று தெரியாது. எனவே தன் ஆள்களத்துக்கு வந்த எல்லா மடல்களையும் ஏற்றுக்கொண்டு, சேராதவற்றைப் பிறகு திருப்பியது. பாதுகாப்பில் சிறந்த அந்த வடிவமைப்பே பின்னர் பின்சிதறலுக்குப் பெயர்பெற்ற ஊற்றாகியது.

மூன்றாவது காரணம் மறைப்பு. எரிதம் அனுப்புவோர் அகராதி போலப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்து, எதை வழங்கி ஏற்கிறது என்று கவனித்து உண்மையான முகவரிகளைத் திரட்டினர். எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும் வழங்கியிடம் இந்த உத்தி பலிக்காது. ஆகவே முதலில் ஏற்பதே அறிவுடைமை என்று பல நிர்வாகிகள் கருதினர். தம் பயனரைக் காக்கும் அந்த முடிவின் விலையை முன்பின் அறியாத வேறொருவர் செலுத்தினார்.

புழுக்களின் காலம்

2001 க்குப் பின் நிலைமை பல மடங்கு மோசமானது. அவ்வாண்டின் இறுதியில் தோன்றிய கிளெஸ் என்ற கணினிப் புழு, தான் புகுந்த கணினியில் கிடைத்த முகவரிகளுள் ஒன்றை அனுப்புநராகவும் இன்னொன்றைப் பெறுநராகவும் எடுத்துக்கொண்டது. 2003 ஆகஸ்டில் பரவிய சோபிக்-எஃப், 2004 ஜனவரியில் பரவிய மைடூம் ஆகியவையும் இதே வழியைப் பின்பற்றின. நோய் பிடித்த கணினி ஒரு நண்பருடையது. அனுப்புநராகக் காட்டப்பட்டவர் மற்றொரு நண்பர். திட்டு வாங்கியவரும் அவரே.

இங்கு நச்சுநிரல் தடுப்பு மென்பொருள்களும் பங்கு வகித்தன. புழு இருந்த மடலைப் பிடித்தவுடன், உங்கள் கணினியில் நச்சுநிரல் உள்ளது என்று அனுப்புநருக்கு எச்சரிக்கை அனுப்பும் வசதி அவற்றில் இருந்தது. கிளெஸ் போன்ற புழுக்கள் எப்போதும் போலி முகவரியையே இடும் என்று அறிந்த பின்னரும், பல வழங்கிகளில் இவ்வசதி நிறுத்தப்படவில்லை. எந்தப் பிழையும் செய்யாதவர்கள் இந்த எச்சரிக்கைகளைக் கண்டு அஞ்சித் தம் கணினிகளை ஆராய்ந்தனர். விடுமுறையில் இருக்கிறேன் என்ற தானியங்கி மறுமொழிகளும், நீங்கள் உண்மையான ஆள்தானா என்று கேட்கும் சரிபார்ப்பு மடல்களும் இத்தோடு சேர்ந்தன.

மைடூம் இன்னொரு படி மேலே சென்றது. தன்னையே ஒரு திரும்பு மடல்போல வேடமிட்டுக்கொண்டது. மடல் சேரவில்லை என்ற தலைப்பைக் கண்டு, எந்த மடல் என்று பார்க்க இணைப்பைத் திறந்தவர்களின் கணினியில் அது புகுந்தது. எரித வணிகரும் சும்மா இருக்கவில்லை. திரும்பு மடலில் மூல மடலும் இணைக்கப்படும் என்பதால், தாக்க விரும்பும் ஆளின் முகவரியை அனுப்புநராக இட்டு, இல்லாத பெறுநருக்கு விளம்பரத்தை அனுப்பினர். நல்ல பெயர் உள்ள வழங்கி ஒன்று அந்த விளம்பரத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பின்சிதறல் என்ற சொல் இதையொத்த வேறொரு நிகழ்வுக்கும் வழங்கியது. போலி இணைய முகவரியிட்டு ஒரு வழங்கியைத் தாக்கும்போது, அதன் மறுமொழிகள் தொடர்பில்லாத முகவரிகளுக்குச் சிதறுவதை 2001 இல் கலிபோர்னியாவின் சான் டியேகோ ஆய்வாளர்கள் அளந்தனர். அதற்கும் இதே பெயர்தான். இரண்டிலும் அடிப்படை ஒன்றே: முகவரியைச் சரிபார்க்காமல் மறுமொழி அனுப்புதல்.

பாதிக்கப்பட்டவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு சிறிய பள்ளி அல்லது கடையின் முகவரி போலியாகப் பயன்பட்டால், சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான அறிவிப்புகள் வந்து பெட்டி நிரம்பிவிடும். அதன்பின் வரும் உண்மையான மடல்கள் மறுக்கப்படும். தாம் எழுதிய மடல் ஒன்று உண்மையாகவே சேராமல் திரும்பியிருந்தாலும், அந்தக் குவியலில் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

வாசலிலேயே மறுத்தல்

இதற்கான முதன்மைத் தீர்வு, சேர்க்க முடியாத மடலை ஏற்றுக்கொள்ளாமலே இருப்பது. எஸ்எம்டிபி பேச்சு நடக்கும்போதே 550 என்று மறுத்துவிட்டால், பெறும் வழங்கி திரும்பு மடல் எழுதவேண்டிய தேவையே இல்லை. அனுப்புவது நேர்மையான வழங்கியாக இருந்தால் அது தன் பயனருக்குத் தெரிவிக்கும். எழுத்துப் பிழை செய்தவருக்குச் செய்தி கிடைக்கும். அனுப்புவது புழு பிடித்த கணினியாக இருந்தால் மறுப்பைப் பொருட்படுத்தாமல் அடுத்த முகவரிக்குப் போய்விடும். அப்பாவி எவருக்கும் எதுவும் செல்லாது. விதியை மாற்றாமல், மறுக்கும் நேரத்தை மட்டும் மாற்றுவதால் இவ்வளவு பயன் கிடைத்தது.

ஐபிஎம் ஆய்வு மையத்தில் வீட்சே வெனிமா எழுதி 1998 இன் இறுதியில் வெளியிட்ட போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருள் இம்மாற்றத்தில் முக்கிய இடம் பெறுகிறது. முந்தைய பதிப்புகளில், இல்லாத உள்ளூர்ப் பயனருக்கு வரும் மடலை வாசலில் மறுப்பது விருப்பத் தேர்வாக இருந்தது. 2.0 பதிப்பிலிருந்து அதுவே இயல்பான அமைப்பாக்கப்பட்டது. வாசல் வழங்கிகளுக்காகப் பெறுநர் பட்டியலைத் தனியே தரும் வசதியும், பட்டியல் இல்லாவிட்டால் உள் வழங்கியிடம் கேட்டுச் சரிபார்க்கும் வசதியும் சேர்ந்தன. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் 2003 பதிப்பிலும் பெறுநர் வடிகட்டல் வந்தது. கியூமெயிலுக்குப் பிறர் எழுதிய ஒட்டுத் திருத்தங்கள் இதே வேலையைச் செய்தன. எரிதமா, நச்சுநிரலா என்ற சோதனையையும் உள்ளடக்கம் வந்து முடிந்த கணத்தில், 250 சொல்வதற்கு முன்பே நடத்தும் வழக்கம் பரவியது.

மாற்று வழங்கிகளே நெடுங்காலம் ஓட்டையாக நீடித்தன. பயனர் பட்டியல் இல்லாத மாற்று வழங்கி எல்லாவற்றையும் ஏற்கும். முதன்மை வழங்கி மறுக்கும். இடையில் சிக்கிய மாற்று வழங்கி திரும்பு மடல் எழுதும். எரிதம் அனுப்புவோர் இதை அறிந்தே மாற்று வழங்கியைத் தேடி வந்தனர். பட்டியலை அங்கும் வைப்பது, அல்லது மாற்று வழங்கியையே கைவிடுவது என்ற இரண்டில் ஒன்றை நிர்வாகிகள் தேர்ந்தெடுத்தனர். அனுப்பும் வழங்கிகளே சில நாள்கள் விடாமல் முயலும் என்பதால் இரண்டாவது வழியிலும் பெரிய இழப்பில்லை.

பின்சிதறல் அனுப்பும் வழங்கிகளைத் தடைப்பட்டியலில் சேர்க்கும் அமைப்புகளும் தோன்றின. நேர்மையான ஒரு நிறுவனத்தின் மடல்கள் இதனால் வெளியே மறுக்கப்பட்டபோதுதான், பல நிர்வாகிகள் தம் அமைப்பைத் திரும்பிப் பார்த்தனர்.

சிலர் எளிய வழி என்று எண்ணி, வெற்று முகவரியோடு வரும் மடல்கள் அனைத்தையும் மறுத்தனர். இது தவறான மருந்து. உண்மையான திரும்பு மடல்களும் அதனால் தொலைந்துபோகும். வெற்று முகவரி மடல்களை மறுக்கக் கூடாது என்று 1999 பிப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 2505 தெளிவாகவே கூறியுள்ளது.

முகவரிக்குச் சான்று

பிறர் திருந்தும்வரை காத்திராமல் தம்மைக் காத்துக்கொள்ளும் வழி ஒன்றும் உருவானது. பிஏடிவி என்ற இம்முறையில், ஒரு வழங்கி தான் வெளியே அனுப்பும் ஒவ்வொரு மடலின் உறை முகவரியிலும் இரகசியத் திறவுகோலால் கணித்த சிறு குறியீட்டைச் சேர்க்கும். அந்தக் குறியீடு சில நாள்கள் மட்டுமே செல்லும். திரும்பி வரும் மடலில் சரியான குறியீடு இருந்தால் அது தன் மடலே. இல்லாவிட்டால் பின்சிதறல் என்று வாசலிலேயே மறுத்துவிடலாம்.

அடுத்தது, போலி முகவரி இடுவதையே கடினமாக்கும் முயற்சி. எஸ்பிஎஃப் என்ற முறை 2003 அளவில் வடிவம் பெற்று, 2006 ஏப்ரலில் ஆர்எஃப்சி 4408 ஆக வெளியானது. தன் பெயரில் மடல் அனுப்ப உரிமை பெற்ற வழங்கிகள் எவை என்று ஓர் ஆள்களம் பொதுவில் அறிவிக்க இது வழிசெய்தது. 2007 மே மாதத்தில் டிகேஐஎம் என்ற மின்கையொப்ப முறை வெளியானது. இவ்விரண்டையும், படிப்பவர் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் முகவரியோடு இணைக்கும் டிமார்க் முறை 2012 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு, 2015 மார்ச்சில் ஆர்எஃப்சி 7489 ஆக வந்தது.

இவையும் குறையற்றவை அல்ல. 2014 ஏப்ரலில் யாகூ நிறுவனம், தன் பெயரில் வரும் சான்றில்லாத மடல்களை மறுத்துவிடுமாறு டிமார்க் வழியே அறிவித்தது. யாகூ பயனர் ஒருவர் மடற்குழுவுக்கு எழுதினால், குழுவின் வழங்கி அதை மற்றவர்களுக்கு அனுப்பும்போது சான்று முறிந்தது. மற்ற வழங்கிகள் அதை மறுத்தன. அந்தத் திரும்பு மடல்களை எண்ணிய குழு மென்பொருள், முகவரி செயலிழந்தது என்று கருதி, எந்தக் குற்றமும் செய்யாத உறுப்பினர்களை நீக்கியது. மீண்டும் திரும்பு மடல் தவறான ஆளைத் தண்டித்தது.

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும், தம் பயனர்களுக்குப் பெருமளவில் மடல் அனுப்புவோர் இம்மூன்று சான்றுகளையும் வைத்திருக்க வேண்டும் என்று விதித்துள்ளன. கூகுளின் கணக்கில் நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர் இவ்வகையில் அடங்குவர்.

விதியில் வந்த மாற்றம்

எழுதப்பட்ட விதியும் மெல்ல மாறியது. 2008 அக்டோபரில் ஜான் கிளென்சின் தொகுத்த ஆர்எஃப்சி 5321, ஏற்றுக்கொண்ட மடலுக்கு வழங்கியே பொறுப்பு என்ற பழைய கொள்கையைக் கைவிடவில்லை. ஆனால் தீங்கான உள்ளடக்கம் கொண்ட மடல்களைப் பொறுத்தவரை, அறிவிப்பு உரியவரைப் பயனுள்ள வகையில் சென்றடையும் என்ற நம்பிக்கை இருந்தாலொழிய திரும்பு மடல் அனுப்ப வேண்டாம் என்று சொன்னது. அதே நேரத்தில், மடல்களை ஓசையின்றி அழிப்பது மின்னஞ்சலின் மேல் மக்கள் வைத்துள்ள நம்பிக்கையைக் குலைக்கும் என்பதையும் அது நினைவூட்டியது. 2004 ஆகஸ்டில் கீத் மூர் எழுதிய ஆர்எஃப்சி 3834, விடுமுறை அறிவிப்பு போன்ற தானியங்கி மறுமொழிகளுக்கு முன்பே இத்தகைய வரம்புகளை வகுத்திருந்தது.

இன்றைய நிலை

இன்று ஒரு நிர்வாகி பின்சிதறலைத் தவிர்க்கப் பின்பற்றும் நடைமுறைகள் இவை:

1. செல்லாத பெறுநர் முகவரியை எஸ்எம்டிபி பேச்சின்போதே மறுத்தல்.
2. வாசல் வழங்கி, மாற்று வழங்கி ஆகியவற்றிலும் பயனர் பட்டியலை வைத்தல்.
3. எரிதச் சோதனையை மடலை ஏற்பதற்கு முன் முடித்தல்.
4. நச்சுநிரல் எச்சரிக்கையை வெளி முகவரிகளுக்கு அனுப்பாதிருத்தல்.
5. தானியங்கி மறுமொழிகளை ஒருவருக்கு ஒருமுறை என்ற அளவில் கட்டுப்படுத்துதல். வெற்று முகவரி மடல்களுக்கு மறுமொழி அனுப்பாதிருத்தல்.
6. தன் ஆள்களத்துக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் பதிவுகளை வெளியிடுதல்.
7. உண்மையான திரும்பு மடல்களைத் தடையின்றி ஏற்றல்.

பொதுப் பயனருக்கும் இதில் அறிய வேண்டியது உண்டு. தாம் எழுதாத மடல் திரும்பி வந்ததாக அறிவிப்பு வந்தால், கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்று உடனே முடிவுசெய்ய வேண்டியதில்லை. பெரும்பாலும் முகவரி மட்டுமே போலியாகப் பயன்பட்டிருக்கும். அனுப்பியவை என்ற பகுதியில் அம்மடல் இருக்கிறதா என்று பார்த்து, ஐயமிருந்தால் கடவுச்சொல்லை மாற்றலாம். அறிவிப்பில் உள்ள இணைப்புகளைத் திறக்கக் கூடாது. மாறாக, தாம் எழுதிய மடலே திரும்பியிருந்தால் அதில் உள்ள மூன்று இலக்க எண்ணைப் பார்க்க வேண்டும். 4 இல் தொடங்கினால் அது தற்காலிகத் தடை என்று பொருள். 5 இல் தொடங்கினால் முகவரியைச் சரிபார்த்து மீண்டும் அனுப்ப வேண்டும்.

பின்சிதறல் இன்று பெருமளவு குறைந்துவிட்டது. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. ஐயத்துக்குரிய மடல்களை இன்றைய வழங்கிகள் பெரும்பாலும் திருப்புவதில்லை. பெறுநர் எப்போதாவது மட்டும் திறக்கும் எரிதப் பெட்டியில் போட்டுவிடுகின்றன. அனுப்பியவருக்குச் செய்தி எதுவும் வராது. வேலைக்கு விண்ணப்பித்த மாணவரின் மடல் அங்கே கிடந்தால், நிறுவனம் பதில் தரவில்லை என்றுதான் அவர் எண்ணுவார். சேரும், அல்லது சேரவில்லை என்ற செய்தி வரும் என்று 1982 இல் தரப்பட்ட வாக்குறுதி முழுமையாக நிறைவேற, வழங்கி தன் முடிவை வாசலிலேயே எடுத்து அங்கேயே சொல்லிவிட வேண்டும். பின்சிதறலைத் தடுக்கும் வழியும் அதுவே, நேர்மையான அனுப்புநருக்குச் செய்தி சொல்லும் வழியும் அதுவே. முக்கியமான மடலாக இருந்தால் தொலைபேசியில் அழைத்து, வந்ததா என்று கேட்டு உறுதிசெய்துகொள்வது இன்றும் தேவையாகவே உள்ளது.